ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

தமிழ்நாட்டில் இந்தப் பழமொழியைக் கேட்காத பிள்ளை கிடையாது. பாடத்தை மறந்துவிட்டால் இது வரும். பரீட்சையில் மார்க் குறைந்தால் இது வரும். தகப்பனார் சொல்லுவார். பாட்டி சொல்லுவாள். பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லுவார்.

பழமொழியோடு நின்றுவிட்டால் பாதகம் இல்லை. அதைத் தொடர்ந்து ஒரு தீர்ப்பும் வருகிறது.

"இவன் மக்கு. இவனுக்குப் படிப்பு ஏறாது. ஏதாவது ஒரு கடையில் சேர்த்துவிட வேண்டியதுதான்!"

பையனுக்கு வயது பத்து இருக்கும். அல்லது பன்னிரண்டு இருக்கும். அவன் காதிலே இந்தத் தீர்ப்பு விழுகிறது. அவனும் அதை நம்பிவிடுகிறான். பெண் பிள்ளையாக இருந்தால் தீர்ப்பு இன்னும் சீக்கிரமாக வருகிறது. "இவளுக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்டு, புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு சரியா?

சரி அல்ல! மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் கண்ட உண்மை வேறு. மனிதனின் மூளை பத்து வயதில் முடிந்துபோன பொருள் அல்ல. அது இருபது வயது தாண்டியும் கட்டப்பட்டு வரும் வீடு. பாதி கட்டிய வீட்டைப் பார்த்து, "இது குடியிருக்க லாயக்கு இல்லை" என்று யாராவது இடிப்பார்களா?

எடை வேறு, வேலை வேறு

பிறந்த குழந்தையின் மூளை ஏறக்குறைய 350 முதல் 400 கிராம் வரை இருக்கும். வளர்ந்த மனிதனின் மூளை 1,300 முதல் 1,400 கிராம் வரை இருக்கும். ஆக, பிறக்கும்போது கால் பங்குதான் இருக்கிறது.

பிறகு மூளை வெகு வேகமாகப் பெருக்கிறது. இரண்டு வயதில் அது முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. ஆறு வயதில் பத்தில் ஒன்பது பங்கு ஆகிவிடுகிறது.

"அப்படியானால் ஆறு வயதிலேயே முக்கால்வாசி முடிந்துவிட்டதே! பழமொழி சரிதானே?" என்று சிலர் கேட்கலாம்.

எடை வேறு, வேலை வேறு. சுவரும் கூரையும் எழும்பிவிட்டால் வீடு முடிந்துவிடுமா? கதவு போடவேண்டும். குழாய் போடவேண்டும். மின்சாரக் கம்பி இழுக்கவேண்டும். விளக்கு எரியவேண்டும். மூளைக்கும் அப்படித்தான். ஆறு வயதில் கூரை வந்துவிடுகிறது. உள் வேலை இன்னும் இருபது ஆண்டு நடக்கிறது.

ஒற்றையடிப் பாதை

அந்த உள் வேலை என்ன?

மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அணு தனியாக இருந்தால் பயன் இல்லை. ஒன்றோடு ஒன்று சேரவேண்டும். குழந்தை பிறந்த முதல் சில ஆண்டுகளில், ஒரு விநாடிக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் உண்டாகின்றன என்று கணக்கிட்டு இருக்கிறார்கள்.

அத்தனை இணைப்பும் கடைசி வரை இருக்குமா? இராது.

கிராமத்தில் தரிசு நிலத்தைத் தாண்டிப் போகும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நடக்க நடக்கப் பாதை தெளிவாகும். பிறகு வண்டிப் பாதை ஆகும். நடமாட்டம் நின்றால் புல் முளைத்து மூடிவிடும். மூளையின் இணைப்புகளும் இப்படித்தான். பயன்படுகிற இணைப்பு பலப்படுகிறது. பயன்படாதது மறைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் சிகாகோ நகர டாக்டர் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்பவர், இறந்துபோனவர்களின் மூளையை எடுத்து, பூதக்கண்ணாடியைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்த கருவியில் வைத்து, இந்த இணைப்புகளை எண்ணினார். 1979-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். பச்சிளம் பருவத்தில் இணைப்புகள் மிக அதிகமாக இருந்தன. வயது ஏற ஏற அவை குறைந்தன. வளர்ந்தவர்களைவிடக் குழந்தைக்கே அதிக இணைப்பு!

ஆகவே, குழந்தையின் மூளை வெறும் பானை அல்ல. அது பல வழிகள் திறந்து கிடக்கும் நிலம். எந்த வழியில் நடக்கப் பழக்குகிறோமோ அந்த வழி நிலைக்கிறது.

பேச்சே உணவு

குழந்தையை நடக்கப் பழக்குவது எது? பேச்சு, கொஞ்சல், விளையாட்டு. இவைதான்.

கனடா நாட்டில் ஜேனட் வெர்க்கர் என்ற பெண் விஞ்ஞானி 1984-ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு, இந்தி மொழியில் உள்ள இரண்டு ஒலிகளைக் கேட்கச் செய்தார். ஒன்று நாக்கு பல்லில் படும் "த" போன்ற ஒலி. மற்றது நாக்கு மேலே மடங்கும் "ட" போன்ற ஒலி. ஆறு, எட்டு மாதக் குழந்தைகள் வேற்றுமையைக் கண்டுகொண்டன. ஆனால் பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளால் அது முடியவில்லை. வீட்டில் அந்த ஒலி கேட்கவில்லை. அதனால் அந்தப் பாதையில் புல் முளைத்துவிட்டது!

"குழந்தைக்கு என்ன தெரியும்?" என்று பேசாமல் இருப்பது தவறு. அது பேசத் தெரியாத பருவத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருக்கிறது.

பேச்சும் அணைப்பும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ருமேனியா நாட்டில் கண்டது. அங்கே 1989-ஆம் ஆண்டில் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்தது. அப்போது அனாதை இல்லங்களின் கதவு திறந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான குழந்தைகள் கிடந்தன. சோறு கிடைத்தது. துணி கிடைத்தது. தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை.

அந்த நாட்டின் தலைநகரான புக்கரெஸ்டில், அமெரிக்க நிபுணர்கள் 136 குழந்தைகளைக் கவனித்து வந்தார்கள். பாதிப் பேரைக் குடும்பங்களில் வளர்க்க ஏற்பாடு செய்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு, இல்லத்திலேயே இருந்த குழந்தைகளைவிட உயர்ந்தது. இரண்டு வயதுக்குள் போன குழந்தைகள் அதிகமாகத் தேறின. 2007-ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளிவந்தது.

தாயின் மடியும் ஒரு பள்ளிக்கூடம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பசிக்கும் மூளை

மூளை பேச்சை மட்டும் தின்று வாழாது. அதற்குச் சோறும் வேண்டும்.

வளர்ந்த மனிதனின் உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கோ, உடலின் சக்தியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மூளைக்கே போகிறது!

ஆகவே, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்து, வாய்ப்பாட்டை மறந்துபோகும் பிள்ளை மக்கு அல்ல. அவனுக்குப் பசி! காமராஜர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவு போடப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் காலைச் சிற்றுண்டித் திட்டமும் தொடங்கப்பட்டது. இவை வயிற்றுக்கு மட்டும் போட்ட சோறு அல்ல. மூளைக்குப் போட்ட சோறு.

உப்பில் அயோடின் இல்லாவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் கவனம் குறையும். சில பிள்ளைகளுக்குக் கண் பார்வை மங்கலாக இருக்கும். கரும்பலகை தெரியாது. சிலருக்குக் காது மந்தமாக இருக்கும். சிலருக்கு எழுத்துகள் குழப்பம் தரும். இவற்றை எல்லாம் பார்க்காமல், "மக்கு" என்று ஒரு சொல்லால் முடித்துவிடுவது நியாயமா?

மூடிய கதவு திறக்குமா?

பழமொழியில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்துப் பரிசோதனை செய்தார்கள். குட்டி பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணைத் தைத்து மூடினார்கள். சில மாதம் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணால் குட்டிக்குப் பார்க்க முடியவில்லை! பார்க்கவேண்டிய பருவத்தில் பார்க்காததால், மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிட்டது. பெரிய பூனைக்கு இதே போல் செய்தால் கெடுதல் இல்லை. இந்த ஆராய்ச்சிக்கு 1981-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

அதாவது, சில வேலைகளுக்குப் பருவம் உண்டு. அதனால்தான் கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை.

இந்தியாவில் ஏழைக் குடும்பங்களில் பிறவிப் புரையோடு பிறந்து, வைத்தியம் இல்லாமல் வளர்ந்துவிட்ட பிள்ளைகள் பலர். "வயது தாண்டிவிட்டது, இனிமேல் பயன் இல்லை" என்றுதான் முன்பு எண்ணினார்கள். அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா என்ற இந்தியர் அப்படி விட்டுவிடவில்லை. டெல்லியில் அந்தப் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் நடக்க ஏற்பாடு செய்தார்.

8 முதல் 17 வயது வரை உள்ள ஐந்து பிள்ளைகளைப் பற்றி 2011-ஆம் ஆண்டில் அவருடைய குழு எழுதியது. கட்டு அவிழ்த்ததும் அவர்களுக்கு உருவம் தெரிந்தது. ஆனால் கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காட்டத் தெரியவில்லை. பிறகு, சில நாட்களிலும் சில மாதங்களிலும் மறுபடி சோதித்தார்கள். பிள்ளைகள் நன்றாகத் தேறியிருந்தார்கள்! மற்றவர்களைப் போல் கூர்மையான பார்வை அவர்களுக்கு வரவில்லை. ஆனாலும், இருட்டு விலகியது. மூடிவிட்டது என்று எண்ணிய கதவு பாதி திறந்தது.

ஐந்தில் வளையாதது பதினைந்தில் வளைந்தது!

நெற்றிக்குப் பின்னால்

மூளையின் எல்லாப் பகுதியும் ஒரே நாளில் முற்றுவது இல்லை. பார்ப்பது, கேட்பது, நடப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் பகுதிகள் முதலில் முற்றும். கடைசியாக முற்றுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி.

அந்தப் பகுதியின் வேலை என்ன? அதைத் தெரிவித்தது ஒரு விபத்து.

1848-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ரெயில் பாதை போடும் வேலையில் பினியாஸ் கேஜ் என்ற மேஸ்திரி இருந்தார். வயது 25. பாறைக்கு வெடி வைக்கும்போது, மூன்றரை அடி நீள இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் பாய்ந்து, உச்சந்தலை வழியாக வெளியே போயிற்று. அவர் சாகவில்லை! பேசினார். நடந்தார். ஆனால் குணம் மாறிவிட்டது. பொறுப்பாக இருந்தவர், முன்யோசனை இல்லாதவராகவும், வாய்க்கு வந்தபடி பேசுபவராகவும் ஆகிவிட்டார் என்று அவருடைய டாக்டர் எழுதி வைத்தார்.

நெற்றிப் பகுதிதான் கடிவாளம். "இதைச் செய்தால் பின்னால் என்ன ஆகும்?" என்று யோசிப்பது அது. கோபத்தை அடக்குவது அது.

கேஜின் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. பிற்காலத்தில் அவர் சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். துளை விழுந்த மூளையும் மறுபடி ஒரு தொழிலுக்குப் பழகிக்கொண்டது!

கடிவாளம் தாமதம்

இந்தக் கடிவாளம் எப்போது முழுதாக வருகிறது?

அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ஜே கீட், பிள்ளைகளின் மூளையைக் காந்தக் கருவியால் ஆண்டுக்கணக்கில் படம் எடுத்தார். 1999-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். நெற்றிப் பகுதி பதினொன்று, பன்னிரண்டு வயது வரை பருத்து, அதன் பிறகு மெலியத் தொடங்குகிறது. வேண்டாத கிளை கழிகிறது என்று அதற்குப் பொருள். கூடவே, நரம்பு இழைகளுக்கு மேல் கொழுப்பு உறை படர்கிறது. மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை போடுவது போல! இந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. ஏறக்குறைய 25 வயது என்று சொல்வது வழக்கம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

ஆசையும் வேகமும் பதினான்கு வயதில் வந்துவிடுகின்றன. கடிவாளம் பத்து ஆண்டு கழித்துத்தான் முழுதாக வருகிறது. வாலிபத்தின் தொல்லை எல்லாம் இந்த இடைவெளியில்தான்.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் அவருடைய மாணவியும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஓட்டும்போது பிள்ளைகள் அவ்வளவு ஆபத்தைத் தேடிப் போகவில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் துணிச்சல் வெகுவாகக் கூடியது. 24 வயது தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

பதினைந்து வயதுப் பையனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்கும் தகப்பனார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "என் பையன் நன்றாக ஓட்டுவான்" என்று பெருமைப்படுகிறார். ஓட்டுவான், கை நன்றாகத்தான் ஓட்டும். பின்னால் இரண்டு நண்பர்கள் ஏறிக்கொண்டால், தடுக்கும் கடிவாளம் இன்னும் வரவில்லையே! 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், இப்படி வண்டி ஓட்டும் சிறுவர் குற்றம் செய்தால், பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கிறது. சட்டம் பிடிக்கவேண்டிய ஆளைத்தான் பிடித்திருக்கிறது.

முருங்கையும் பிள்ளையும்

"அப்படியானால், தவறு செய்கிற பிள்ளையைச் சும்மா விட்டுவிடுவதா?" என்று கேட்பார்கள். "முருங்கையை ஒடித்து வளர்க்கவேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்கவேண்டும்" என்ற இன்னொரு பழமொழியும் வரும்.

சும்மா விடக்கூடாது. ஆனால் அடி உதவாது. மூளை தன் கிளையைத் தானே கழித்துக்கொள்கிறது. அதற்குப் பிரம்பு தேவை இல்லை.

50 ஆண்டுகளில் நடந்த 75 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து, 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க நிபுணர்கள் இருவர் கணக்குப் பார்த்தார்கள். அதில் அடங்கிய பிள்ளைகள் 1,60,000-க்கும் மேல். அடிபட்ட பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனக்கலக்கமும்தான் அதிகமாகக் காணப்பட்டன. நல்ல நடத்தை கூடவில்லை. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிப் பிள்ளைகளை அடிக்கக்கூடாது, மனம் நோகச் செய்யக்கூடாது என்று தடுக்கிறது. பயந்த பிள்ளை தப்பிக்க வழி தேடுவானே தவிர, கணக்குக்கு வழி தேடமாட்டான்.

பிறகு என்ன செய்வது? பிள்ளைக்குக் கடிவாளம் வரும் வரை, பெற்றோரே கடிவாளமாக இருக்கவேண்டும். "கூடாது" என்று சொல்லவேண்டும். ஏன் கூடாது என்றும் சொல்லவேண்டும். அவன் மறந்தால் மறுபடி சொல்லவேண்டும். இராத்திரி செல்போனை வாங்கி வைத்துவிட்டுத் தூங்கவிட வேண்டும். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

இதற்குப் பொறுமை வேண்டும். பிரம்பை எடுப்பது சுலபம். அதனால்தான் பலர் பிரம்பை எடுக்கிறார்கள்.

ஐம்பதிலும் வளையும்

பிள்ளைகள் இருக்கட்டும். பெரியவர்கள் கதி என்ன? 25 வயதில் கதவு அடைத்துவிடுகிறதா?

இல்லை. உத்தரப்பிரதேசத்தில் லக்னோ நகருக்கு அருகே உள்ள கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆறு மாதம் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். முப்பது வயதை ஒட்டியவர்கள். படிப்பதற்கு முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்தார்கள். 2017-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மூளையின் அடிப்பகுதிக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையே உள்ள தொடர்பு பலப்பட்டிருந்தது! எழுத்துக் கூட்டிப் படித்த ஆறு மாதம், வளர்ந்தவர்களின் மூளையையே மாற்றி அமைத்துவிட்டது.

பேரனிடம் எழுத்துக் கற்றுக்கொண்டு, இன்று பஸ்ஸின் பெயர்ப் பலகையைத் தானே படித்து ஏறுகிற பாட்டிக்கு இந்த ஆராய்ச்சி தேவை இல்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஐந்தில் வளைப்பது சுலபம். அதை யாரும் மறுக்கவில்லை. பதினைந்தில் வளைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டும். ஐம்பதில் வளைக்க இன்னும் நேரம் பிடிக்கும். ஆனால் வளையவே வளையாது என்பது பொய். அந்தப் பொய்யை நம்பி, எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு நின்றுபோயிருக்கிறது.

ஆகவே, அடுத்த தடவை பிள்ளை மார்க் சீட்டை நீட்டும்போது, பழமொழியை எடுக்காதீர்கள். எந்தப் பாடம் புரியவில்லை என்று கேளுங்கள். சாப்பிட்டானா, தூங்கினானா, கரும்பலகை தெரிகிறதா என்று கேளுங்கள். பத்து வயதில் தீர்ப்பு எழுத எந்தத் தகப்பனுக்கும் உரிமை கிடையாது. எந்த ஆசிரியருக்கும் கிடையாது.

வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது!